புகை சொல்லும் சேதி

மார்கழி விடியல். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் வெள்ளைமண் இறக்கிவிட்டு, ராத்திரி அங்கேயே நின்றுவிட்ட ஒரு பழைய லாரி. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. டிரைவர் மெக்கானிக்குக்குப் போன் போடுகிறார். “அண்ணே, செல்ஃப் சுத்துது, வண்டி எடுக்கல.” மறுமுனையிலிருந்து வரும் முதல் கேள்வி: “புகை வருதா? என்ன கலரு?”

டீசல் பம்ப்பை விட்டுவிட்டுப் புகையை ஏன் விசாரிக்க வேண்டும்? பீங்கான் சூளை எரிப்பவருக்கு இது எளிதில் புரியும். சூளைக்குக் காற்று குறைந்தால் கரும்புகை கக்கும். உள்ளே எட்டிப் பார்க்க முடியாத நெருப்பைப் பற்றி வெளியே துப்புக் கொடுப்பது புகைதான்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பெட்ரோல் வண்டியில் பீங்கான் உடம்பு கொண்ட ஸ்பார்க் பிளக் செய்யும் வேலையை இங்கே வெறும் காற்று செய்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் சுடுமே, அதே சங்கதி. பிஸ்டன் மேலேறி, காற்றைச் சுமார் பதினேழில் ஒரு பங்காக நசுக்குகிறது. ஆரோக்கியமான எஞ்சினில் அந்தக் காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது டீசலைப் பனியாகத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சினுக்கும் இதுவே அடிப்படை.

ஆக, தேவை மூன்று: சூடேறிய காற்று, நன்றாகத் தூவப்பட்ட டீசல், சரியான நேரம். எது குறைகிறது என்பதைத்தான் புகை சொல்கிறது.

புகையே இல்லையா? டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகையா? டீசல் போகிறது, எரியவில்லை. சூடு போதவில்லை, அல்லது டீசலைத் தூவும் நாசில் ஒழுகுகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். கரும்புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

வெளியே ஒழுகாத ஓட்டை

பழைய வண்டிகளில் அடிக்கடி வரும் சிக்கல் ‘ஏர் பிடிப்பது’. டேங்க்கிலிருந்து டீசலை ஃபீட் பம்ப் உறிஞ்சி இழுக்கிறது. அந்தக் குழாயில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டியதில்லை. காற்று உள்ளே புகுந்துகொள்ளும். ராத்திரி வண்டி நிற்கையில் குழாயிலுள்ள டீசல் டேங்க்குக்கே திரும்பிவிடும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, காலையில் வண்டியும் எடுக்காது.

நாசில் திறக்கவே 200 பார் அளவில் அழுத்தம் வேண்டும். லாரி டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு. டீசல் லேசில் சுருங்காது என்பதால் பம்ப்பின் பிளஞ்சர் தள்ளியதும் அந்த அழுத்தம் நாசிலை எட்டிவிடும். நடுவே காற்றுக்குமிழ் இருந்தால் பிளஞ்சரின் உழைப்பெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும். எஞ்சின் முழுப்பாரம் இழுக்கும்போதுகூட ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவைக்குப் போவது ஏறக்குறைய ஒரு சொட்டு டீசல்தான். அதற்குள் குமிழுக்கு ஏது இடம்?

ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை கைப்பம்ப் அடித்தால் வண்டி எடுக்கும். மறுநாளும் அதே கதை என்றால் ஓட்டை இன்னும் அடைபடவில்லை. ஒரு கேன் டீசலை உயரத்தில் வைத்து, நேராக ஃபீட் பம்ப்புக்குக் குழாய் கொடுத்துப் பாருங்கள். வண்டி ஒழுங்காக ஓடினால் குற்றவாளி டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் இருக்கிறது. பம்ப்பைக் கழற்றும் செலவு மிச்சம்.

செல்ஃப் மந்தமாகச் சுற்றினாலும் வண்டி எடுக்காது. மெதுவாக நசுங்கும் காற்றுக்கு பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிய நேரம் கிடைக்கிறது. இருக்கும் சூட்டையும் குளிர்ந்த இரும்பு குடித்துவிடுகிறது. பேட்டரி முனையில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டியதுமே கிளம்பிவிட்ட லாரிகள் உண்டு.

காலையில் நன்றாக எடுத்து, மதியம் சூட்டில் நிறுத்தி மறுபடி எடுத்தால் மறுக்கிறதா? சூடான டீசல் இளகும். தேய்ந்த பிளஞ்சரின் இடுக்கில் பின்வாங்கிவிடும். ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டு ஆறவைத்ததும் எடுத்தால் சந்தேகம் தீர்ந்தது. இப்போது பம்ப்பைக் கழற்றலாம்.

எந்தச் சிலிண்டர் தூங்குகிறது?

வண்டி எடுத்தும் குலுங்கி ஓடினால் அது ‘மிஸ்ஸிங்’. ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் பம்ப் பக்கம் சிறிது தளர்த்திப் பார்ப்பார்கள். எஞ்சின் சத்தம் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. மாற்றமே இல்லையென்றால் அதுதான் தூங்குகிறது. பிறகு நாசிலா, வால்வா, ரிங்கா என்று அந்த ஒன்றை மட்டும் ஆராயலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங், லைனர் தேய்ந்த அடையாளம்.

இரண்டு எச்சரிக்கை. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையை வைத்துப் பார்க்கவே கூடாது. 1,000 பாரைத் தாண்டும் காமன் ரெயில் வண்டிகளில் இந்த நட்டு வித்தையே வேண்டாம். அதுபோல, துணியைக் கொளுத்தி ஏர் கிளீனர் வாயில் காட்டுவதும் ஆபத்து. காற்று சூடாகும் என்பது உண்மைதான். ஆனால் டீசல் எரியத் தேவையான ஆக்ஸிஜனையும் அந்தத் தீயே தின்றுவிடும்.

மண்ணும் லாரியும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெள்ளைமண்தான் விருத்தாசலத்துப் பீங்கானுக்கு மூலப்பொருள். அந்த மண்ணின் துகள்களில் பெரும்பகுதி 2 மைக்ரானுக்கும் சிறியவை. டீசல் பம்ப்பில் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளியும் இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் அதைப் போல இருபது மடங்குக்கு மேல். வெள்ளைமண் மென்மையானது. ஆனால் கழுவாத மண்ணில் கூடவே வரும் மணலின் குவார்ட்ஸ், இரும்பையே தேய்க்கும் கடினம் கொண்டது. மண் லாரியின் ஏர் கிளீனர் கிண்ணத்தில் சேறு கட்டினால் முதலில் கரும்புகை வரும். கவனிக்காமல் விட்டால் லைனர் தேய்ந்து நீலப்புகை வரும். பிறகு ஒரு மார்கழி விடியலில் வெள்ளைப் புகை.

2020 ஏப்ரல் முதல் வரும், பிஎஸ்-6 மாசு விதிக்கு உட்பட்ட லாரிகளின் புகைப்போக்கியில் தேன்கூடு போன்ற ஒரு வடிகட்டி கரியைப் பிடித்து வைக்கிறது. கார்டியரைட் என்ற செராமிக்கிலும் அதைச் செய்கிறார்கள். வெள்ளைமண்ணும் டால்க்கும் அலுமினாவும் சேர்த்துச் சுட்டால் கிடைப்பது அது. பழைய லாரியின் உள்ளே போய்க் கெடுக்கிற மண், சூளையில் வெந்த பிறகு புதிய லாரியின் புகையைக் கழுவுகிறது. அங்கே புகையின் நிறம் பார்த்து நோய் சொல்ல முடியாது. மெக்கானிக் கம்ப்யூட்டரைத்தான் கேட்க வேண்டும். பழைய வண்டி இன்னும் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறது.