படை லொறியில் கடலோர வாசம்

வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பிற் செருகிக்கொண்டு பிரயாணம் போவோர் உண்டு. வீட்டையே ஓட்டிக்கொண்டு பிரயாணம் போவோரும் உண்டு. இரண்டாம் வகையினரைப் பற்றியதே இக்கட்டுரை. சேவையிலிருந்து விலக்கப்பட்ட இராணுவ லொறியை விலைக்கு வாங்கி, அதன் முதுகிலே பலகையாலும் தகட்டாலும் ஒரு சிறு வீட்டைக் கட்டி, மனைவி மக்களுடன் மாதக் கணக்காக ஊர் சுற்றும் குடும்பங்கள் ஐரோப்பாவிலே பல உள்ளன. கடற்கரை கண்ணிற் பட்டதும் வண்டியை நிறுத்துவார்கள். அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். அலையோசையைக் கேட்டபடி உறங்கி, விரும்பிய நாளில் மறுபடியும் புறப்படுவார்கள்.

இது செல்வர்களின் விளையாட்டு என்று நம்மவர் ஒதுக்கிவிடக் கூடும். ஆயினும் ஊவா மலைகளிலே வாழும் நமக்கு அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடமொன்று உண்டு. அதைக் கூறுமுன் அந்த வண்டியின் சரித்திரத்தைச் சற்றே பார்ப்போம்.

கலப்பைக்குப் பிறந்த வண்டி

இரண்டாம் உலக யுத்தத்திற்காகச் செய்யப்பட்ட லொறிகளுக்குக் கணக்கில்லை எனலாம். அமெரிக்காவின் ஜி.எம்.சி. நிறுவனம் செய்த இரண்டரைத் தொன் லொறிகள் மட்டும் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டவை. 1941 முதல் 1945 வரை பிரித்தானியாவில் உருவான பெட்போர்ட் மூன்று தொன் லொறிகள் ஏறத்தாழ 50,000. யுத்தம் ஓய்ந்ததும் இத்தகைய வண்டிகள் பல நாடுகளிலே ஏலத்திற்கு வந்தன. துப்பாக்கி சுமந்த முதுகு மரமும் மூட்டையும் சுமக்கலாயிற்று.

இன்று பிரயாணக் குடும்பங்கள் பெரிதும் விரும்பும் யூனிமொக் என்னும் ஜெர்மன் வண்டியின் கதை இன்னும் விசித்திரமானது. அல்பர்ட் பிரீட்ரிக் என்ற பொறியியலாளர் யுத்தம் முடிந்த கையோடு அதனைத் திட்டமிட்டது படைக்காக அன்று, உழவனுக்காகவே. 1946 இல் முதல் மாதிரி வண்டி ஓடியது. இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளுக்கு ஏற்றவாறே அதன் சக்கரங்களுக்கிடையில் அகலம் அமைக்கப்பட்டது. 1955 அளவிலேதான் அதன் ஒரு வகை இராணுவத்திற்கென்று செய்யப்பட்டது. கலப்பைக்குப் பிறந்து, படைக்குப் போய், முதுமையிலே குடும்பத்திற்கு வீடாய் அமைந்த வண்டி அது. மனிதரிலும் இப்படிப்பட்ட வாழ்க்கை அமைந்தவர் சிலர் உளர்.

அதன் சிறப்பு யாது? நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர வலு பாயும். அச்சுகள் சக்கரத்தின் நடுப்புள்ளிக்கும் மேலே அமைந்திருப்பதால் கல்லும் கட்டையும் அடிவயிற்றில் இடிப்பதில்லை. மேடுபள்ளத்துக்கு ஏற்ப அடிச்சட்டம் முறுகி வளைந்து கொடுக்கும். இதனாலேயே இதன்மேல் வீடு கட்டுவோர் கூட்டினை நாற்புறமும் இறுக்கி முடுக்குவதில்லை. சட்டம் அசைந்தாலும் கூடு முறியாதவாறு மூன்று இடங்களிலோ நான்கு இடங்களிலோ அசையும் மூட்டு வைத்துப் பொருத்துவர். இறுக்கி முடுக்கிய வீடு முதலாவது ஓடையைக் கடக்கும்போதே விரிசல் காணும்.

தியத்தலாவை தந்த காவலர்

சக்கர வீடு நமது மாகாணத்திற்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1900 ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்க யுத்தத்திற் சிறைப்பட்ட போயர் இனத்தவர் ஏறத்தாழ 5,000 பேர் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களது முன்னோர் மாட்டு வண்டிகளையே வீடாக்கி, குழந்தை குட்டிகளோடு ஆபிரிக்கச் சமவெளிகளைக் கடந்தவர்கள். ஆபத்து வந்தால் அதே வண்டிகளை வட்டமாக நிறுத்திக் கோட்டையாக்கிக் கொள்வர். குடும்பத்திற்கும் படைக்கும் ஒரே வண்டி!

யுத்தம் முடிந்தபின் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையால் நாடு திரும்பாது இங்கேயே தங்கிவிட்டவர்களில் எங்கல்பிரெக்ட் என்பவர் ஒருவர். மலையிலிருந்து இறங்கிய அவர், தென்கிழக்குக் கடலோரத்து யால வனத்தின் முதற் காவலராகப் பணியாற்றி, அம்பாந்தோட்டையிலேயே மறைந்தார். மலைச் சிறையிலிருந்து கடலுக்கு அவர் போன திசையிலேதான் நமது பிரயாணமும்.

வாசலில் ஓடும் வீதி

ஆப்புத்தளை மலைமுகட்டிலே தெளிந்த காலை வேளைகளில் நிற்பவர் அம்பாந்தோட்டைக் கடலைத் தொலைவிலே ஒரு வெள்ளிக் கோடாகக் காணலாம். கொழுந்துக் கூடையுடன் அந்தக் கோட்டைப் பார்த்தபடியே வாழ்ந்து, அதன் அலையிலே ஒருமுறையேனும் கால் நனைக்காது போனவர்கள் நமது தோட்டங்களிலே எத்தனை பேர்!

இத்தனைக்கும் கடலுக்குப் போகும் வீதி நமது வாசலிலேயே ஓடுகிறது. மீரியபெத்தவின் கீழே கொஸ்லந்தையைத் தொட்டுச் செல்லும் அந்தப் பெருவீதி, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெரகலை வழியாக வந்து, வெல்லவாய, புத்தலை, மொனராகலை, சியம்பலாண்டுவை கடந்து பொத்துவிலில் கடலைச் சேர்ந்து, பின் மட்டக்களப்பு வரை நீளுவது. வழியிலே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி வீதியோரத்திலேயே நின்று வரவேற்கும். வெல்லவாயவிலே குளிர் மறைந்து வெயில் சுடத் தொடங்கும். அங்கிருந்து தெற்கே திரும்பினால் திஸ்ஸமகாராமை, அம்பாந்தோட்டை. கிழக்கே சென்றால் பொத்துவில், அறுகம்பை, பாணமை. எப்படிச் சென்றாலும் அரைநாள் ஓட்டமே.

கதிர்காம உற்சவ காலத்திலே அரிசியும் பாயும் சட்டிபானையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்து லொறியிலே குடும்பம் குடும்பமாகப் புறப்பட்ட கதைகளை முதியோர் இன்றும் கூறுவர். மாணிக்க கங்கைக் கரையிலே மூன்று கல் வைத்து அடுப்பாக்கி, மரத்தடியிலே துயின்று திரும்பிய அந்தப் பிரயாணத்திற்கு முகாம் வாழ்க்கை என்ற பெயர் மட்டுந்தான் இல்லை. பாணமைக்கு அப்பால், கடலோரப் பாறையிலே எழுந்தருளியிருக்கும் உகந்தை முருகன் சந்நிதியிலும் ஆடி மாதத்திலே இக்காட்சியைக் காணலாம். ஆகவே வண்டியும் அடுப்பும் கடலும் நமக்குப் புதியனவல்ல. திறந்த லொறியின் பெட்டியிலே பிள்ளைகளை நெருக்கி ஏற்றிய அந்தப் பழக்கத்தை மட்டும் கைவிட்டு விடுதல் வேண்டும்.

வண்டியை வீடாக்குவோருக்கு

பழைய லொறியையோ பஸ்ஸையோ மாற்றியமைக்க விரும்புவோர் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். அடுத்தது பாரம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம் நிறை. 200 லீற்றர்த் தாங்கி மூன்று பெரியவர்களை ஏற்றுவதற்குச் சமம். அதனை உயரத்தில் வைத்தால் வளைவுகளிலே வண்டி சாயப் பார்க்கும். இரு அச்சுகளுக்கும் நடுவே, கீழே அமைப்பதே முறை. பிள்ளைகளுக்கு இடுப்புப்பட்டியுள்ள ஆசனம் கட்டாயம். சமையல்வாயு உருளைக்குக் காற்றோட்டமும், தீயணைக்கும் கருவிக்கு வாசலருகே இடமும் வேண்டும். கதவடைத்த வண்டிக்குள்ளே கரியடுப்பு மூட்டுதல் உயிருக்கு ஆபத்து.

பெரகலையிலிருந்து வெல்லவாய வரையுள்ள இறக்கத்திலே பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது அறிவீனம். தொடர்ந்து மிதிபடும் பிரேக் சூடேறிப் பிடிப்பிழக்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ, இறங்குவதற்கும் அதே கியர் என்பது பழைய சாரதிகளின் விதி.

இன்னொன்று: வண்டி இராணுவப் பச்சை நிறத்தில் இருந்தால் முதல் வேலையாக அதனை மாற்றிவிடுங்கள். ஐரோப்பியக் குடும்பமொன்றுக்கு அந்நிறம் வேடிக்கையாயிருக்கலாம். 2009 வரை நீடித்த யுத்தத்தைக் கண்ட கிழக்குக் கரையிலே, அந்த நிறத்தை நள்ளிரவில் வாசலிலே கண்டவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். நமது உல்லாசம் பிறருக்குப் பழைய அச்சத்தை நினைவூட்டலாகாது.

மணலும் கடலும்

மணற்பாதையிலே அகப்பட்ட வண்டிக்கு வேகம் உதவாது. ரயர்களின் காற்றைச் சற்று இறக்கினால், அவை அகன்று படிந்து வண்டியைத் தாங்கும். தார்வீதிக்கு ஏறியதும் காற்றை மறுபடியும் நிரப்பாவிட்டால் ரயர் சூடேறி வெடிக்கும். கடற்கரை மணலிலேயே வண்டியை ஓட்டுவதோ தகாத செயல். கடலாமைகள் முட்டையிட்டு மூடிய குழிகள் சக்கரத்தில் நசுங்கும். வீடு திரும்பியதும் வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவாவிடில், உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

கிழக்குக் கரைக்குச் சித்திரை முதல் புரட்டாதி வரையே உகந்த காலம். பொத்துவில், பாணமைப் பகுதிகளிலே யானை நடமாட்டம் உண்டு. பழமும் தானியமும் வெளியே கிடந்தால் அவை அழையாத விருந்தாளியாக வந்துவிடும்.

எல்லாவற்றிலும் தலையாயது, இரவு தங்கும் நிலத்தைத் தெரிவதே. அனுபவசாலிகளான குடும்பங்கள் சூரியன் மறைய இரண்டு மணி நேரத்திற்கு முன்பே வண்டியை நிறுத்திவிடுவார்கள். இருவர் இறங்கி நடப்பார்கள். நேற்றைய அலை எதுவரை ஏறியது? இது மழைக்காலத்து ஓடையின் படுக்கையா? யானைத் தடமா? மேலே உதிரக்கூடிய பாறை உண்டா? அவசரத்திலே மேட்டுநிலத்திற்கு எவ்வழி ஓடுவது? இத்தனைக்கும் விடை கண்ட பிறகே அடுப்பு மூட்டுவர். 2004 மார்கழி 26 ஆம் தேதி அறுகம்பையையும் யாலக் கரையையும் ஆழிப்பேரலை அழித்ததை அறிந்த நாம் இக்கேள்விகளை மிகையென்று கருத முடியாது. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காது மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல்நாளே சொல்லி வைத்தல் வேண்டும்.

தெரிவு இல்லாதவர்கள்

நான் முன்னே குறிப்பிட்ட பாடம் இதுதான். ஓரிரவு தங்குவதற்கே மனிதர் இத்தனை ஆராய்ந்து நிலம் தெரிகிறார்கள். நிலம் பிடிக்காவிட்டால் சாவியைத் திருப்பி அடுத்த இடத்திற்குப் போய்விடுகிறார்கள். நமது தோட்டத்து மக்களோ நான்கைந்து தலைமுறை வாழ்ந்த நிலத்தைத் தாம் தெரிந்தவர்கள் அல்லர். லயம் எங்கே எழ வேண்டும் என்பதைத் தோட்டமே தீர்மானித்தது. அந்த அறைகள் இருந்த மண் அவர்களுக்குச் சொந்தமாயிருக்கவில்லை. வேறிடம் போக வேறு மண்ணும் இருக்கவில்லை.

2014 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மழையின்பின், ஒக்டோபர் 29 ஆம் தேதி காலையிலே மீரியபெத்த மலைச்சரிவு பெயர்ந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களிற் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அன்று மலையேறி வந்த படை வண்டிகள் மண்ணைத் தோண்ட வந்தவை. எச்சரிக்கை எழுந்த ஆண்டிலேயே அத்தகைய பத்து லொறிகள் வந்து, சட்டிபானைகளோடு அம்மக்களை உறுதியான நிலமொன்றிற்கு ஏற்றிச் சென்றிருந்தால்! மகல்தெனியவிலே 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டதோ 2016 இலேதான்.

ஆகவே மலையிலே வாழும் ஒவ்வொரு குடும்பமும் முகாமிடும் பிரயாணியின் கண்ணைச் சற்றே கடன் வாங்கிக்கொள்ள வேண்டும். நிலத்திலே புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரமும் கம்பமும், திடீரெனக் கலங்கிய ஊற்று, காரணமின்றி இறுகும் கதவு ஆகியவை மலை நமக்குத் தரும் முன்னறிவித்தல்கள். ஒரு நாளிலே 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 ஆனால் ஆயத்தம். 150 ஆனாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75 ஆனாலோ வெளியேறுதல் வேண்டும் என்பது அந்நிறுவனம் வகுத்துள்ள அளவு. ஆனால் வெளியேறுங்கள் என்று சொல்வோர், எங்கே என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உறுதியான நிலமும் அதற்குரிய உறுதிப்பத்திரமும் இல்லாத குடும்பத்திற்கு மழைமானி மட்டும் போதாது.

வருகிற சித்திரை விடுமுறையிலே, லொறி கிடைக்காவிட்டாலும் பஸ்ஸிலாவது பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாய் விரிக்குமுன் அவர்களையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை சுற்றி நடந்து, எந்த இடம் நல்ல இடம் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அப்படிக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை தான் குடியிருக்கும் மண்ணைப் பற்றியும் கேட்கும்.