நெஞ்சிலே சுமந்த ஆலை

ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலன்ட் மாநிலத்திலே, போட்டக்கெற் நகரில், பிளாக்ஸ்ரன் ஆற்றங்கரையிலே மரத்தாலான பழைய கட்டிடம் ஒன்று நிற்கின்றது. 1793ஆம் ஆண்டில் எழுந்த அப்பருத்தி ஆலைக்குச் 'சிலேற்றர் ஆலை' என்று பெயர். யார் இந்தச் சிலேற்றர்?

சாமுவேல் சிலேற்றர் 1768இல் இங்கிலாந்தின் பெல்பர் என்னும் ஊரிலே பிறந்தவர். இளமையிலேயே, பருத்தி ஆலை அதிபரான ஸ்ட்ரட் என்பாரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். ஆற்றுநீரின் விசையால் நூல் நூற்கும் ஆர்க்ரைற்றின் யந்திரங்கள் அங்கே இயங்கின. அவ்யந்திரங்களையோ வரைபடங்களையோ, ஏன், அத்தொழில் கைவந்த வினைஞரைத்தானும், நாட்டைவிட்டு வெளியே விட அக்காலப் பிரித்தானியச் சட்டம் இடந்தரவில்லை. 1789இல், தமது 21ஆம் வயதில், கமத்தொழிலாளி எனக் கூறிக்கொண்டு சிலேற்றர் கப்பலேறினார் என்பர். கையிலே வரைபடம் எதுவுமில்லை. வேண்டிய யாவும் நெஞ்சிலே இருந்தன. நெஞ்சைத் திறந்து பார்க்கும் சுங்க அதிகாரி எங்கே உளர்?

போட்டக்கெற்றிலே மொசெஸ் பிரௌண் என்னும் வணிகர் வாங்கி வைத்திருந்த நூற்பு யந்திரங்கள் சரிவர ஓடவில்லை. அவற்றால் பயனில்லை எனக் கண்ட சிலேற்றர், உள்ளூர்க் கொல்லரும் தச்சரும் துணைநிற்கப் புதியனவற்றை ஆக்கினார். 1790 டிசம்பரில் நீர்விசையால் நூல் இறங்கத் தொடங்கியது. 1833இல் ஜனாதிபதி அண்ட்ரூ ஜக்சன் அவரை 'அமெரிக்கக் கைத்தொழிலின் தந்தை' எனப் பாராட்டினார். பெல்பர் வாசிகளோ 'துரோகி சிலேற்றர்' என்றனர்!

இவ்விரு பெயர்களையும் விட நம் கருத்தைக் கவர்வது வேறொரு செய்தி. அந்த முதல் யந்திரங்களின் அருகே நின்று வேலை செய்தோர் 7 முதல் 12 வயது வரையான 9 பிள்ளைகளே. அறுந்த நூலை முடியச் சின்னஞ்சிறு விரல்களே வாய்ப்பெனக் கருதப்பட்ட காலம் அது. வாரத்தில் ஆறு நாளும் வேலை. ஞாயிறன்று எழுத்தறிவிக்கச் சிலேற்றரே ஒரு பாடசாலை வைத்தார். அதைக் கருணை என்பதா, கணக்கு என்பதா? இன்னொரு முரணும் உண்டு. தம் அடிமைகளை 1773இலேயே விடுவித்தவர் பிரௌண். அவர் முதலிட்டு வளர்த்த தொழிலோ, பின்னாளிலே தென்மாநில அடிமைகள் பறித்த பஞ்சினாலே கொழுத்தது.

1824இல் போட்டக்கெற் ஆலை முதலாளிகள் வேலைநேரத்தைக் கூட்டி, நெசவுப் பெண்களின் கூலியைக் குறைத்தனர். பெண்கள் தறிகளை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தனர். அந்நாட்டின் ஆலைத்தொழிலிலே நிகழ்ந்த முதல் வேலைநிறுத்தம் அதுவே என்பர்.