எவான்ஸ் கேம்பிட்டும் லாஸ்கரின் தற்காப்பும்

சதுரங்க ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைப் பலிகொடுத்து, அதற்கு ஈடாகக் காய்களை விரைந்து களமிறக்கித் தாக்கும் உத்தி ‘கேம்பிட்’ எனப்படும். 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸைச் சேர்ந்த கப்பல் தலைவர் வில்லியம் டேவிஸ் எவான்ஸ் வகுத்த இத்தகைய கேம்பிட் ஒன்றைத்தான், 1995இல் ரீகா நகரில் காரி காஸ்பரோவ் விசுவநாதன் ஆனந்துக்கு எதிராகக் கையாண்டு, 25 நகர்த்தல்களில் வென்றார். ஆனந்தையே திணறடித்த இத்தாக்குதலுக்கு உலக வாகையர் இமானுவேல் லாஸ்கர் முன்னரே வகுத்திருந்த தற்காப்பை, இரும்பை, மரக்காணம் போன்ற ஊர்களில் பலகை விரிக்கும் இளம் ஆட்டக்காரர்கள் அவசியம் பயில வேண்டும். அத்தற்காப்பில் கறுப்பு ஆட்டக்காரர், சிப்பாயை வென்ற தம் மந்திரியை முதலில் ஏ5 கட்டத்துக்கும், டி6 சிப்பாயால் நடுக்களத்தைத் தாங்கியபின் பி6 கட்டத்துக்கும் ஒதுக்கி, கிடைத்த சிப்பாயைத் திருப்பித் தரவும் ஆயத்தமாகிறார். வெள்ளை அதை மீட்க முனைந்தால் இருவரின் ராணிகளும் வெட்டுண்டு நீங்கித் தாக்குதல் தணிவதோடு, பி வரிசைச் சிப்பாயை இழந்த வெள்ளையின் ஏ, சி வரிசைச் சிப்பாய்கள் ஒன்றையொன்று காக்க இயலாமல், இறுதியாட்டத்தில் எளிய இலக்குகளாகின்றன.