இனிஷியல் மாறும்போது

முன்னால் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டில் உங்கள் பெயரின் எழுத்து ஒன்று இருந்தால், மனசுக்குள் சின்னதாய் ஒரு சந்தோஷம் வருமா?

பெல்ஜியம் நாட்டு உளவியலாளர் ஜோசப் நுட்டினுக்கு வந்தது. 1977-ல் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் போனவர், தன் பெயரின் எழுத்துகள் உள்ள பிளேட்டுகளே தன் கண்ணுக்கு அழகாய்ப் படுவதைக் கவனித்தார். பிறகு ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். எழுத்துகளை ஜோடி ஜோடியாகக் காட்டி, யோசிக்காமல் பிடித்ததைச் சுழிக்கச் சொன்னார். தங்கள் பெயரில் உள்ள எழுத்துகளைத்தான் பலரும் அதிகம் சுழித்தார்கள். அது அவர்களுக்கே தெரியவில்லை! அதிலும் முதல் எழுத்தின் மேல் பாசம் கூடுதல். நம்மீது நமக்குள்ள மதிப்பு, நம் பெயரின் எழுத்துகள் மீதும் படிந்துவிடுகிறதாம்.

இப்போது, கல்யாணமான புதிதில் வங்கியில் கையெழுத்துப் போடும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட நோட்டில் எழுதிப் பழகிய அப்பாவின் இனிஷியலுக்குப் பதில் வேறொரு எழுத்து. பேனா ஒரு நொடி நிற்கிறதே, அது வெறும் பழக்கதோஷம் என்று எனக்குத் தோன்றவில்லை. சிலருக்குப் புது எழுத்து பெருமை. சிலருக்கு எதையோ தொலைத்துவிட்ட மாதிரி. இரண்டுமே நியாயம்தான்.

கல்யாணமானால் பெண் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. அதனால், வீட்டுக்கு வரும் புது மருமகளிடம், "உன் பேரை எப்படிம்மா எழுதட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.