முறுக்கு எவ்வளவு?

"முறுக்கு" என்றதும் பலருக்குத் தீபாவளிப் பலகாரம் நினைவுக்கு வரும். திருப்பூரை அடுத்த மங்கலத்து மாணவனுக்கோ நூல்தான் நினைவுக்கு வரும். விசைத்தறி ஓசையைக் கேட்டு வளரும் அவனுக்கு, பஞ்சை நூலாக்குவது முறுக்கே என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய துப்பாக்கிகளின் குழலுக்குள்ளும் இதுபோல ஒரு முறுக்கு உண்டு. அதை எவ்வளவு வைப்பது என்ற கேள்வி பொறியாளர்களை நெடுங்காலம் சிந்திக்க வைத்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போமா?

நூலின் முறுக்கு

30-ஆம் நம்பர் பனியன் நூலில் ஓர் அங்குல நீளத்துக்கு ஏறத்தாழ 19 சுற்றுகள் இருக்கும். அதே நம்பர் நூல் தறியில் பாவாக ஓட வேண்டுமானால் 23 சுற்றுகளுக்கு மேல் வேண்டும். பாவு நூல் ஓயாமல் இழுபடுவதால் அதற்கு வலிமை தேவை. பனியன் நூலுக்கு வேண்டியது மென்மை.

முறுக்குக் குறைந்தால் இழைகள் வழுக்கிப் பிரிந்து நூல் அறும். மிகுந்தாலும் தொல்லைதான். அளவுக்கு மீறி முறுக்கிய நூல் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். அதனால் பின்னிய துணியின் கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. துவைத்த பனியனின் பக்கத் தையல் முன்பக்கம் திரும்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இதுவே முக்கியக் காரணம்.

குழலுக்குள் புரி

தொடக்ககாலத் துப்பாக்கிகளின் குழல் உட்புறம் வழவழப்பாக இருந்தது. ஈயக் குண்டு குழலின் சுவரில் இங்குமங்கும் மோதி, ஏதோ ஒரு திசையில் சுழன்றுகொண்டு வெளியேறும். சுழற்பந்து வீச்சாளரின் பந்து காற்றிலேயே விலகுவதுபோல அக்குண்டும் வழி விலகும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் விலகியதால் குறி தவறியது.

இதற்கு மாற்றாகக் குழலின் உட்சுவரில் திருகாணியின் மரைபோல, ஆனால் மிகச் சாய்வு குறைந்த பள்ளங்களை வெட்டினார்கள். இவற்றைப் பற்றிக்கொண்டு வரும் குண்டு, தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். அப்படிச் சுழல்வதால் அதைப் பக்கவாட்டில் தள்ளும் விசை எழுவதில்லை. நீண்ட குண்டாக இருந்தால், சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல அதுவும் கவிழாமல் செல்லும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நூலில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்கிறோம். குழலில் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்று சொல்கிறார்கள். ஆகவே குழலைப் பொறுத்தவரை எண் பெரிதானால் முறுக்குக் குறைவு என்று பொருள்.

நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்ற 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் 39 அங்குலம். அதன் முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எனவே குண்டு குழலைக் கடக்கும்போது அரைச் சுற்றுதான் சுழலும். புரியிட்ட குழலில் குண்டு சிக்காமல் இறங்கக் கொழுப்புத் தடவிய தோட்டா தேவைப்பட்டது. அந்தக் கொழுப்பைப் பற்றி எழுந்த ஐயமே 1857 பெருங்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்றாயிற்று.

சுழல் துப்பாக்கியின் சிக்கல்

அதே காலத்தில் சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கரின் சுழல் துப்பாக்கிகளும் புழக்கத்தில் இருந்தன. இவற்றில் குண்டு இருப்பது குழலில் அன்று, சுழலும் உருளையின் ஓர் அறையில். வெடித்ததும் அது அறையிலிருந்து தாவிக் குழலுக்குள் நுழைகிறது. நேராகப் பாய்ந்து வரும் மெல்லிய ஈயம் திடீரெனச் சாய்ந்த பள்ளங்களைச் சந்திக்கிறது. சாய்வு அதிகமானால் ஈயம் பள்ளத்தைப் பற்றாமல் மேடுகளின்மேல் வழுக்கிவிடக்கூடும்.

போதாக்குறைக்கு, கறுப்பு வெடிமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கழிவாக நிற்கும். அது பள்ளங்களிலும் படியும்.

கோல்ட் கண்ட வழி, ஏறுமுறுக்கு. குழலின் தொடக்கத்தில் பள்ளங்கள் ஏறக்குறைய நேராக ஓடும். வாயை நெருங்க நெருங்க முறுக்கு ஏறும். குண்டு மெல்ல மெல்லச் சுழலத் தொடங்கும். இதில் குறையும் உண்டு. சாய்வு மாறிக்கொண்டே போவதால் குண்டின்மேல் பதிந்த தடத்தைப் பள்ளங்கள் மீண்டும் மீண்டும் அறுக்கும். செய்வதும் கடினம். ஆகவே பிற்காலத்தில் சீரான முறுக்கே பெருவழக்காயிற்று.

இரண்டு துப்பாக்கிகள், ஒரு கணக்கு

அமெரிக்காவில் 1972 முதல் 2008 வரை செய்யப்பட்ட ரூகர் ஓல்டு ஆர்மி என்ற கறுப்பு மருந்துத் துப்பாக்கியின் முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய கோல்ட் துப்பாக்கிகளுக்கு இத்தாலியில் செய்யப்படும் நகல்களில் 30 அங்குல முறுக்கு உடையவை உண்டு. இரண்டிலும் குண்டு நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். வேகத்தை முறுக்கின் நீளத்தால் வகுத்தால் சுழற்சி கிடைக்கும்.

30 அங்குலம் என்பது 0.762 மீட்டர். 250 ÷ 0.762 = 328. நொடிக்கு 328 சுற்று, நிமிடத்துக்கு ஏறத்தாழ 19,700 சுற்று. நவீன நூற்பாலையில் வேகமாக ஓடும் ஸ்பிண்டிலின் சுழற்சியும் ஏறக்குறைய இதே அளவுதான்! 16 அங்குல முறுக்கில் நிமிடத்துக்குச் சுமார் 36,900 சுற்று.

குழல் 8 அங்குலமே ஆனாலும் இக்கணக்கு மாறாது. குழலுக்குள் எத்தனை முறை சுற்றியது என்பது முக்கியமன்று. வாயில் உள்ள முறுக்கும் வெளியேறும் வேகமும்தான் சுழற்சியை முடிவு செய்கின்றன.

எது சரியான முறுக்கு?

உருண்டைக் குண்டுக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை. கவிழ்வதற்கு ஒன்றும் இல்லாததால் குறைந்த முறுக்கே அதற்குப் போதும். நீண்ட குண்டுக்கு அது போதாது. எவ்வளவு வேண்டும் என்பதற்கு 1879-இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் கணிதப் பேராசிரியராக இருந்த கிரீன்ஹில் ஓர் எளிய விதி தந்தார். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். விட்டத்தை 150-ஆல் பெருக்கி, அந்த மடங்கால் வகுத்தால் தேவையான முறுக்கு வரும்.

விட்டம் 0.44 அங்குலம், நீளம் அதைப்போல் இருமடங்கு என்றால் விடை 33 அங்குலம். மும்மடங்கு என்றால் 22 அங்குலம். குண்டு நீள நீள முறுக்கு ஏற வேண்டும். 30 அங்குல முறுக்கில் மும்மடங்கு நீளக் குண்டு தள்ளாடும். 16 அங்குல முறுக்கில் அது நிலையாகச் செல்லும். ஆனால் அதே குழலில் மெல்லிய ஈய உருண்டையை மிகுந்த மருந்திட்டுச் செலுத்தினால் வழுக்கும் வாய்ப்பு உண்டு. எதற்காக முறுக்கு என்பதைப் பொறுத்தே அளவு அமைகிறது. பாவு நூலுக்கும் பனியன் நூலுக்கும் இடையே நாம் கண்டதும் இதுதானே!

காகிதத்தில் ஒரு சோதனை

செவ்வகக் காகிதம் ஒன்றில் மூலைவிட்டம் வரைந்து, அதைக் குழாயாகச் சுருட்டுங்கள். நேர்கோடு திருகு கோடாக மாறும். செவ்வகத்தின் அகலம் குழாயின் சுற்றளவு, உயரம் ஒரு சுற்றுக்கான நீளம். அகலத்தை உயரத்தால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டான்ஜென்ட் கிடைக்கும்.

இப்படிக் கணக்கிட்டால் என்ஃபீல்டில் கோணம் 1.3 பாகை, 0.44 அங்குலக் குழலில் 30 அங்குல முறுக்குக்கு 2.6 பாகை, 16 அங்குல முறுக்குக்கு 4.9 பாகை. 30-ஆம் நம்பர் பனியன் நூலிலோ ஏறத்தாழ 21 பாகை! குழலின் முறுக்குக் குண்டைச் சுழற்றினால் போதும். நூலின் முறுக்கோ தனித்தனி இழைகளை உராய்வால் இறுகப் பிணைக்க வேண்டும். அதனால்தான் இத்தனை வேறுபாடு.

திசையிலும் ஒற்றுமை உண்டு. ஆலைகளில் 'இசட்' முறுக்கு என்பது வலம்புரி, 'எஸ்' முறுக்கு என்பது இடம்புரி. கோல்ட் துப்பாக்கிகள் இடம்புரி, ரூகர் வலம்புரி. உங்கள் வீட்டில் உள்ள நூல்கண்டு எந்தப் புரி? ஒரு முழம் நூலைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.