அண்ணன் தம்பி சண்டையில் அடுத்த வீட்டுக்காரர்!

நேபாளத்துக்கு உதவப் போய் இந்தியா பட்ட பாடு

அடி அண்ணாமலை.

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள் அல்லவா? அந்தப் பாதையில், மலைக்குப் பின்புறம் இருக்கும் சிற்றூர் அது. அன்று பௌர்ணமி. நடந்து களைத்தவர்கள் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

டீ கொண்டு வந்து கொடுத்த இளைஞனுக்குச் சொந்த ஊர் நேபாளம். அவன் உள்ளே போனதும் பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம் கேட்டார்.

"ஏன் தம்பி, இவங்க நாட்டிலே எப்பப் பார்த்தாலும் மந்திரிசபை கவிழுதாமே? நாம பக்கத்திலேயே இருக்கோம். ஒரு நல்லது பண்ணக் கூடாதா?"

"பண்ணாமல் இல்லை, ஐயா. பண்ணியதில்தான் வம்பு வந்தது!" என்றேன்.

அவருக்குச் சொன்ன கதைதான் இது.

தூதரகத்தில் புகுந்த மன்னர்

இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே சுமார் 1,750 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. அதைக் கடக்க விசா வேண்டியது இல்லை. எல்லையின் இரு பக்கமும் கொள்வினை, கொடுப்பினை உண்டு. காத்மாண்டு பசுபதிநாதர் கோவிலில் பூஜை செய்யும் பட்டர்கள் யார் தெரியுமா? நம் தென்னாட்டுக்காரர்கள். கர்நாடகத்தில் இருந்து போனவர்கள்!

1846 முதல் நேபாளத்தை ஆண்டது ராணா குடும்பம். பிரதம மந்திரி பதவி அந்தக் குடும்பத்துக்கே சொத்து. மன்னர், பெயருக்குத்தான் மன்னர்.

1950 நவம்பரில் ஒரு நாள். மன்னர் திரிபுவன் குடும்பத்தோடு காரில் புறப்பட்டார். கார் நேராக இந்தியத் தூதரகத்துக்குள் நுழைந்துவிட்டது! ராணாக்கள் திகைத்தார்கள். அரண்மனையில் விட்டுச் சென்ற மூன்று வயதுப் பேரனுக்கு அவசரம் அவசரமாக முடி சூட்டினார்கள். அந்தக் குழந்தையின் பெயர் ஞானேந்திரா. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னர் விமானத்தில் டெல்லிக்கு வந்தார். நேரு சர்க்கார் சமரசம் பேசியது. 1951 பிப்ரவரியில் மன்னர் நாடு திரும்பினார். ராணா ஆட்சி முடிந்தது.

"அப்புறம் என்ன? சுபம்தானே?" என்றார் பெரியவர்.

அதுதான் இல்லை!

ஒரே குடும்பம், இரண்டு கட்சி

நேபாளி காங்கிரசின் தலைவர்கள் இருவர். எம்.பி. கொய்ராலா, பி.பி. கொய்ராலா. ஒரே தந்தைக்குப் பிறந்த அண்ணன் தம்பிகள். 1951ல் அண்ணன் பிரதம மந்திரி ஆனார். தம்பிக்கும் அவருக்கும் ஒத்துப் போகவில்லை. 1952ல் அண்ணனைக் கட்சியை விட்டே நீக்கினார்கள். அவர் வேறு கட்சி தொடங்கினார்.

டெல்லிக்குத் தலைவலி. ராணுவத்தைச் சீர்படுத்த இந்தியா குழு அனுப்பியது. இந்திய என்ஜினீயர்கள் மலையைக் குடைந்து காத்மாண்டுக்கு ரோடு போட்டார்கள். ஆனால், "உதவிக்கு வந்தவர்கள் உத்தரவு போடுகிறார்கள்" என்று அங்கே முணுமுணுப்பு எழுந்தது.

1959ல்தான் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. 109 இடங்களில் 74 இடங்களைப் பிடித்து பி.பி. கொய்ராலா பிரதம மந்திரி ஆனார். ஒன்றரை ஆண்டு ஓடியது. 1960 டிசம்பர் 15ல் மன்னர் மகேந்திரா அவரைச் சிறையில் தள்ளினார். எட்டு ஆண்டு சிறைவாசம்! நேரு வருத்தம் தெரிவித்தார். மன்னர் என்ன செய்தார்? வடக்கே திரும்பினார். 1961ல் சீனாவோடு ரோடு ஒப்பந்தம் போட்டார்.

17 முறை ஓட்டு!

1996ல் மாவோயிஸ்டுகளின் ஆயுதப் போர் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 2005 பிப்ரவரியில் மன்னர் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அந்த மன்னர் யார்? மூன்று வயதில் முடி சூட்டப்பட்ட அதே ஞானேந்திராதான்!

இந்தியா ஆயுத உதவியை நிறுத்தியது. 2005 நவம்பரில் ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் டெல்லியில் பேசி 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2006ல் போர் நின்றது. 2008 மே 28ல் நேபாளம் குடியரசு ஆயிற்று.

ஆனால் கட்சிச் சண்டை ஓயவில்லை. 2010ல் பிரதம மந்திரி ராஜினாமா செய்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டெடுப்பு நடந்தது. ஒருவருக்கும் மெஜாரிட்டி இல்லை. மறுபடி ஓட்டு. மறுபடியும் இல்லை. நடுவிலே இந்தியா தன் பழைய வெளியுறவுச் செயலாளர் சியாம் சரணை அனுப்பிப் பார்த்தது. பயன் இல்லை. ஏழு மாதம் கழித்து, 17வது ஓட்டெடுப்பில்தான் பிரதம மந்திரி கிடைத்தார்!

அரசியல் சட்டம் எழுதக் கூடிய சபையும் நான்கு ஆண்டு பேசிவிட்டு, சட்டம் எழுதாமலே 2012ல் கலைந்தது.

அடுப்பு எரியாத வீடுகள்

2015 ஏப்ரலில் பெரும் பூகம்பம் வந்தது. சுமார் 9,000 பேர் பலியானார்கள். சில மணி நேரத்தில் இந்திய விமானங்கள் உதவியோடு போய் இறங்கின. ஊரெல்லாம் வாழ்த்தியது.

அதே ஆண்டு செப்டம்பரில் புதிய அரசியல் சட்டம் தயாரானது. சமவெளியில் வாழும் மாதேசி மக்கள், "எங்களுக்கு நியாயம் இல்லை" என்று கிளர்ச்சி செய்தார்கள். பீகாரோடு உறவு உள்ளவர்கள் அவர்கள். "எல்லோரையும் அணைத்துப் போங்கள்" என்று சொல்ல, இந்திய வெளியுறவுச் செயலாளர் ஜெய்சங்கர் காத்மாண்டு போனார். தலைவர்கள் கேட்கவில்லை. செப்டம்பர் 20ல் சட்டம் அமுலுக்கு வந்தது.

எல்லையில் லாரிகள் நின்றன. சுமார் நாலரை மாதம்! பெட்ரோல் இல்லை. காஸ் இல்லை. பூகம்பத்தில் வீடு இழந்த தாய்மார்கள் விறகு தேடி அலைந்தார்கள். "இது இந்தியாவின் முற்றுகை" என்றது நேபாளம். "கிளர்ச்சியால் லாரி போக முடியவில்லை" என்றது இந்தியா.

யார் சொன்னது சரி என்று அடுப்பு கேட்குமா? நேபாள மக்களின் கோபம் இந்தியா மேல் திரும்பியது. ஏப்ரலில் வாழ்த்திய வாய், அக்டோபரில் வைதது. 2016 மார்ச்சில் பிரதம மந்திரி ஒளி பீஜிங் போய், சீனா வழியாகச் சரக்கு கொண்டுவர ஒப்பந்தம் செய்தார்.

பெரியவர் தீர்ப்பு

2025 செப்டம்பரில் நேபாள இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். ஒளி பதவி விலகினார். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதம மந்திரி ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி. காசியில் படித்தவர். இந்தியா இந்தத் தடவை வாழ்த்துச் சொன்னது. யோசனை சொல்ல ஓடவில்லை.

கதையை முடித்தேன். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"தம்பி, எங்க ஊரிலே நான் எத்தனையோ பாகப் பிரிவினை பார்த்திருக்கேன். சண்டையை விலக்கப் போறவன் வேலி ஓரமா நின்னு பேசணும். உள்ளே போய்த் திண்ணையிலே உட்கார்ந்தான்னா, அண்ணனும் தம்பியும் ஒண்ணாச் சேர்ந்துக்கிட்டு அவனைத்தான் அடிப்பாங்க. அதுக்காகக் கோவிச்சுக்கிட்டு, அவங்க வீட்டுக்குப் போற வழியை மட்டும் அடைச்சிடக் கூடாது. உள்ளே குழந்தை குட்டிங்க இருக்கே!"

நேபாளத்து இளைஞன் கிளாசை எடுக்க வந்தான். பெரியவர் அவனைப் பார்த்து, "ஊரிலே அம்மா சௌக்கியமா, தம்பி?" என்று கேட்டார்.

அவன் சிரித்தான். "சௌக்கியம், ஐயா" என்றான், தமிழிலேயே!