116 வெற்றி, ஆனா கோப்பை இல்லை

மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரே சீசனில் 116 ஆட்டம் ஜெயித்த அணிகள் ரெண்டே ரெண்டு. 1906-ல் சிகாகோ கப்ஸ், 2001-ல் சியாட்டில் மரைனர்ஸ். ரெண்டுமே அந்த வருஷம் கோப்பையைத் தொடவில்லை. கப்ஸாவது கடைசிக் கட்டமான வேர்ல்டு சீரிஸ் வரை போய்த் தோற்றது. மரைனர்ஸ் அதுக்கும் ஒரு படி முன்னாடியே சறுக்கிவிட்டது.

இத்தனைக்கும் அந்த அணியிடம் யாரும் பெரிசா எதிர்பார்க்கவில்லை. ராண்டி ஜான்சன், கென் கிரிஃபி ஜூனியர் என்று பெரிய தலைகள் ஒவ்வொன்றாகப் போயாச்சு. அலெக்ஸ் ரோட்ரிகஸும் 25.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் டெக்சஸ் போய்விட்டார். அந்த நேரத்தில்தான் ஜப்பானிலிருந்து இச்சிரோ வந்தார். முதல் வருஷத்திலேயே 242 ஹிட், சராசரி .350. சிறந்த புதுமுகம், மதிப்புமிக்க வீரர் ரெண்டு விருதும் அவருக்கே. பிரெட் பூன் 37 ஹோம் ரன் அடித்தார். சியாட்டிலில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு இந்த ஒரு அணியிலிருந்தே எட்டு பேர் தேர்வானார்கள்.

அதுக்காக அவங்க சறுக்கவே இல்லைன்னு நினைக்காதீங்க. ஆகஸ்ட் 5 அன்று கிளீவ்லண்டுக்கு எதிராக 14-2 என்று முன்னிலையில் இருந்தவர்கள், 11 இன்னிங்ஸில் 15-14 என்று தோற்றார்கள். மானம் போகிற தோல்விதான். ஆனா 162 ஆட்டம் உள்ள சீசனில் அது 46 தோல்விகளில் ஒன்று, அவ்வளவுதான்.

பிளேஆஃபில் அந்த வசதி கிடையாது. முதல் சுற்றில் அதே கிளீவ்லண்ட் ஒரு ஆட்டத்தில் 17-2 என்று நொறுக்கியது. தட்டுத்தடுமாறி 3-2 என்று தொடரைப் பிடித்தார்கள். அடுத்து யாங்கீஸ், அந்த சீசனில் 95 வெற்றி பெற்ற அணி. சொந்த ஊரில் முதல் ரெண்டு ஆட்டமும் போச்சு. ஆறாவது ஆட்டத்துக்கு சியாட்டில் திரும்புவோம் என்று மேனேஜர் லூ பினியெல்லா சவால் விட்டார். திரும்பவில்லை. நாலாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் பூன் ஹோம் ரன் அடித்து 1-0 ஆக்கினார். அதே இன்னிங்ஸில் பெர்னி வில்லியம்ஸ் சமன் செய்தார். ஒன்பதாவதில் சொரியானோ அடித்த ஹோம் ரனோடு ஆட்டம் முடிந்தது. மறுநாள் 12-3. தொடர் 4-1.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு அணி எந்த எதிரியையும் 60 சதவீத வாய்ப்போடு ஜெயிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பேஸ்பாலில் அதுவே பெரிய பலம். ஐந்து ஆட்டத் தொடரை அது ஜெயிக்க சுமார் 68 சதவீத வாய்ப்பு, ஏழு ஆட்டத் தொடருக்கு 71. அன்றைய முறையில் ஒரு ஐந்து, ரெண்டு ஏழு. மூன்றையும் பெருக்கினால் வருவது 34 சதவீதம்தான். அதாவது மூணு தடவைக்கு ரெண்டு தடவை கோப்பை வேறு யாருக்கோ.

இன்னொரு விஷயம், பிட்சர்கள். சீசன் முழுக்க ஐந்து பேர் முறை வைத்துத் தொடங்குவார்கள். அங்கே நாலாவது, ஐந்தாவது ஆளும் நன்றாக இருக்கிற அணிக்கு லாபம். பிளேஆஃபில் இடையிடையே ஓய்வு நாள் வருவதால் மூன்று நாலு பேரே போதும். எதிரணியின் சுமாரான பிட்சர் கண்ணிலேயே படமாட்டார். யாங்கீஸின் ஆண்டி பெட்டிட் முதல் ஆட்டத்தையும் ஜெயித்தார், கடைசி ஆட்டத்தையும் ஜெயித்தார். மரைனர்ஸின் ஆழம் எடுபடாமல் போனதில் இதுக்கும் பங்கு உண்டுன்னு நினைக்கிறேன்.

அந்த வருஷக் கோப்பையை யாங்கீஸும் எடுக்கவில்லை. ஏழாவது ஆட்டம் வரை போய் அரிசோனா ஜெயித்தது. அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர், மரைனர்ஸ் முன்பு விட்டுக்கொடுத்த அதே ராண்டி ஜான்சன்.